முன்முற்றத்தைச் சீமெந்துக்குக் கொடுத்தோம்

ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் எம்மவர் வீடு வாங்கியதும் செய்கின்ற முதற் காரியங்களில் ஒன்று, முன்னால் நிற்கும் பச்சை வேலியைத் தறித்து, அந்நிலத்தைச் சீமெந்தால் மூடிக் கார் நிறுத்தும் இடமாக்குவது. எம்மவர் மாத்திரம் இதனைச் செய்கிறார்கள் என்று நாம் கூறவரவில்லை. இலண்டன் பேரவை 2005 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநகரின் முன்முற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழுதாகவோ பகுதியாகவோ அப்போதே மூடப்பட்டிருந்தன. ஆயினும் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்டு உயிர்வேலிக்குள் வாழ்ந்த ஒரு சமூகமும் இதிற் சேர்ந்துகொண்டதே எமது வருத்தம்.

தறிக்கப்படும் அவ்வேலி பெரும்பாலும் பிரிவெட் என்னும் செடியாகும். நிலக்கரிப் புகை சூழ்ந்திருந்த பழைய இலண்டனில் அப்புகையைத் தாங்கி வளரும் என்பதற்காகவே புறநகர்த் தெருக்களெங்கும் இதனை நட்டார்கள். தாவரவியலில் இது மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாசலில் நிற்கும் மல்லிகையின் உறவைத் தறித்து எறிந்துவிட்டு, கடையில் மல்லிகைச் சரம் விலைக்கு வாங்குகின்றோம்!

சீமெந்து நிலம் நீரை உறிஞ்சாது. மழைநீர் நேரே தெருவுக்கும் வடிகாலுக்கும் ஓடுகிறது. இதனாலேயே, முன்முற்றத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் புகாத தளம் இட்டு, அந்நீரைத் தெருவுக்கு விடுவதாயின் திட்டமிடல் அனுமதி பெறவேண்டும் என்று 2008 இல் விதி வந்தது. 2021 ஜூலையிற் கொட்டிய பெருமழையில் நியூஹாம் மருத்துவமனைக்குள்ளும் வெள்ளம் புகுந்ததை ஈஸ்ற்ஹாம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கார் ஒரு காரணந்தான். மற்றையது எமது மனத்தில் இருந்தது. இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த பலர் எண்ணியிருந்தோம். போகப்போகிறவன் மரம் நடுவானா? இன்று அந்தக் கன்றுகளுக்கு முப்பது வயது கடந்திருக்கும். நடாதிருந்ததால் ஊர் எமக்குக் கிட்டவும் இல்லை.

சிலர் இப்போது அச்சீமெந்தை உடைக்கத் தொடங்கியுள்ளார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்துச் செய்திக்காக நாம் தொலைபேசியருகே விழித்திருந்த 1987 ஒக்ரோபரில், 16 ஆம் திகதி அதிகாலை, தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கி ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்களை வீழ்த்தியது. கியூ பூங்காவில் நலிந்து நின்ற பழைய ஓக் மரமொன்றைக் காற்று வேரோடு உயர்த்தி மீண்டும் அதே இடத்தில் இறக்கிவிட்டது. அதன்பின் அம்மரம் முன்னரிலும் செழித்து வளர்ந்தது. பார்வையாளரின் காலடி பட்டு இறுகிப்போயிருந்த மண் நெகிழ்ந்து, வேருக்குக் காற்றுக் கிடைத்ததே காரணம். ஆகவே சீமெந்தை உடைத்தவுடன் குழி தோண்டி நட்டுவிடாதீர்கள். முதலில் மண்ணை ஆழக் கொத்தி, மக்கிய உரம் கலந்துவிடுங்கள்.

எதனை நடுவது? முருங்கையை இங்கு மண்ணில் நடுவது வீண். பனிக்கு அது பட்டுப்போகும். இலண்டனின் பெரும்பகுதி களிமண். கோடையில் அது காய்ந்து சுருங்கும். 1976 வறட்சியில் எத்தனையோ வீடுகளின் சுவர்கள் வெடித்தன. நீரைப் பெரிதும் உறிஞ்சும் வில்லோ, பொப்லர், ஓக் ஆகியவற்றை வீட்டருகே வைக்கவேண்டாம். அயலவர் பார்வையை மறைக்கவென்று லெய்லண்டி நடுவோரும் சற்று நிதானிக்க வேண்டும். அது ஆண்டுக்கு மூன்று அடி உயரும். உயர்ந்த வேலிகள் பற்றி அயலவர் உள்ளூராட்சி மன்றத்தில் முறையிட 2003 இல் சட்டமே இயற்றப்பட்டது.

சிறிய வளவுக்கு எமது முதற் தெரிவு அப்பிள். ஊரில் ஒட்டுமா வைத்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கென்ற் மாவட்டத்தின் ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையம் தெரிவுசெய்த 'எம் 9' என்ற அடிக்கட்டையில் ஒட்டிய மரம் பத்தடிக்கு மேல் பெரும்பாலும் வளராது. இரண்டு மூன்று வருடத்திற் காய்க்கும். முட்டுக்கம்பு மாத்திரம் என்றும் வேண்டும். வெயில் படும் சுவரோரம் அத்தியும் நன்கு காய்க்கும்.

பூசைக்குப் பூ வேண்டுவோர் சிரியாக்கஸ் என்ற செவ்வரத்தை இனத்தை நடலாம். பனியைத் தாங்கி, ஓகஸ்ற் முதல் பூக்கும். மே மாதம் வரை இலையின்றி நிற்பதைக் கண்டு பட்டுவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். அவ்வாறு பிடுங்கியவர்களை நாம் அறிவோம். வாசனைக்கு, ஒஃபிசினாலே என்னும் வெண்மல்லிகை. ஊர்ப் பிச்சிக்கு மிக நெருங்கிய இக்கொடி வேலியிற் படர்ந்து கோடை முழுவதும் மணக்கும். வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். மாரியிற் பூக்கும் மஞ்சள் மல்லிகைக்கு மணமில்லை. மலையகத்திலிருந்து வந்தோர் கமேலியாவை விரும்பக்கூடும். அது தேயிலையின் இனம். களிமண் ஒத்துவராவிடின் அமிலமண் நிரப்பிய தொட்டியிலும் வளரும். தெருவோரத்துக்கு மீண்டும் பிரிவெட்டே போதும். வாகனம் நெருங்கிய தெருவாயின் கொட்டோனியாஸ்ரர் நன்று. அதன் மயிரடர்ந்த இலைகள் புகைத்தூசியைப் பிடித்துக்கொள்கின்றன.

இவையெல்லாம் வீடுள்ளோருக்கு. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல், இன்று இந்த விடுதி, நாளை எந்த நகரமோ என்றிருப்போர் என்ன நடுவது? அவர்களுக்கேற்றது தொட்டியில் வளரும் கறிவேப்பிலை. யன்னலோரத்தில் நிற்கும், மாரியில் தண்ணீரைக் குறைத்தாற் போதும், அடுத்த முகவரிக்குக் கையோடு கொண்டுபோகலாம். வளர்ந்த கறிவேப்பிலையின் அடியில் பக்கக் கன்றுகள் முளைக்கும். வீட்டில் அச்செடி வைத்திருப்போர் இவ்வேனிலில் ஒரு கன்றைப் பிரித்துத் தொட்டியிலிட்டு, தெரிந்த ஒரு புதியவரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.