அறுந்த பெல்ட்டைத் தைத்துப் போடலாமா?

குந்தாரப்பள்ளி வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகும் லாரிகளில் சுமையை இறுக்கிப் பிடித்திருப்பது பாலியெஸ்டர் பெல்ட். ஆலைகளில் இயந்திரத்தைத் தூக்கும் சிலிங்கும், உயரத்தில் ஏறி வேலை செய்பவரின் ஹார்னெஸ்ஸும் இதே வகை நாடாதான். இது பிய்ந்தால் குஷன் கடையிலோ செருப்புத் தைப்பவரிடமோ கொடுத்துத் தைத்து வாங்கி, திரும்ப மாட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தார்ப்பாயையும் பையையும் அப்படித் தைக்கட்டும். சுமையையோ ஆளையோ தாங்கும் பெல்ட்டில் மட்டும் இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

பெல்ட்டின் பலம் தையலில் இருக்கிறது. மடித்துத் தைத்த முனையை உற்றுப் பாருங்கள்: நீளவாக்கில் ஓடும் வரிசைகள், அல்லது பெட்டி போட்டு உள்ளே பெருக்கல் குறி. இழுவிசையை எல்லாக் குத்துகளும் பங்கு போட்டுக்கொள்ளத்தான் இந்த அமைப்பு. நல்ல ஹார்னெஸ்ஸில் நூல், நாடாவின் நிறத்தில் இருக்காது. ஒரு இழை விட்டாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. பிய்ந்த இடத்தில் குறுக்கே நெருக்கமாக நாலு வரிசை ஓட்டினால், அஞ்சல் தலைத் தாளில் துளையிட்ட மாதிரி, அந்தக் கோட்டிலேயே கிழியும். தோல் தைக்கும் ஊசியின் முனை கத்தி போல வெட்டும். நாடாவின் இழைகளை விலக்கிக்கொண்டு போக உருண்டை முனை வேண்டும். மோட்டார் மெஷினை வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி, சுமார் 260 டிகிரியில் உருகும் பாலியெஸ்டரைப் பொசுக்கிவிடும். கோணி ஊசியால் கையில் தைத்தால் அந்தச் சூடு இல்லை. ஆனால் ஒரு குத்து இறுக்கம், அடுத்தது தளர்வு. இறுகியது முதலில் அறும், பாரம் அடுத்ததன் மேல் விழும்.

‘பல வருடமாகத் தைத்துத்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஐரோப்பியத் தர விதிப்படி, 1 டன் என்று சீட்டுத் தைத்த ஊதா நிற சிலிங் 7 டன் வரை தாங்க வேண்டும். அந்த உபரிப் பலம் இருப்பதால்தான் மோசமான தையல் அன்றாட வேலையில் தெரிவதில்லை. லாரி பெல்ட்டில் இவ்வளவு உபரியும் கிடையாது. அவசரமாக பிரேக் பிடித்தால் சுமை தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துத்தான் அங்கே கட்டு கணக்கிடப்படுகிறது. தையலுக்குச் சோதனை அந்த நொடியில்தான்.

புது பெல்ட்டுக்குக் காசு யார் தருவது என்ற கேள்வி நியாயமானது. ஒற்றை லாரி வைத்திருப்பவர் தலையில் இதைக் கட்டுவது அநியாயம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது. அந்த அக்கறை ஆலையின் கேட்டோடு நின்றுவிட்டது. சரக்கு ஏற்றுகிற நிறுவனமே பெல்ட்டைக் கொடுக்கட்டும், பிய்ந்ததைத் திரும்ப வாங்கி வெட்டிப் போடட்டும். தைப்பவரின் பிழைப்பு போகும் என்பதும் உண்மையான கவலை. அவர்கள் கைத்திறனில் குறை எனக்கில்லை. தைத்ததை இழுத்துப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை என்பதுதான் குறை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கனமான நாடாத் தையலைப் பாடமாக வைத்து, இழுவிசைச் சோதனைக் கருவி ஒன்றையும் நிறுவினால், அதே கைகள் புது நாடாவில் சீட்டோடு பெல்ட் தைத்து இந்த ஆலைகளுக்கே விற்கலாம்.