பூட்டும் சாவியும்

துவாஸ், ஜூரோங் வட்டாரப் பட்டறைகளில் உழைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். விசையை அணைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. விவரம் அறியாத மற்றொருவர் அதே விசையைத் தட்டிவிடலாம். மின்சாரம் தடைப்பட்டபோது அணைக்காமல் விட்ட ரம்பம், மின்சாரம் திரும்பியதும் தானே சுழலலாம். ரப்பர் தாள் உருட்டும் இயந்திரத்தின் ஆபத்தைத் தோட்டங்களில் அறிந்த நமக்கு இது புதிதன்று.

தடுக்கும் வழி எளியது. பிளேடு மாற்றுமுன் கைக்கருவியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பேட்டரிக் கருவியானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பெரிய இயந்திரமானால் பிரதான விசையை அணைத்து, பூட்டுப் போட்டு, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி, பழுது பார்ப்பவரின் சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும். பிறகு ஓட்டும் பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று உறுதி செய்த பின்னரே கையை உள்ளே விடவேண்டும்.

சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-ல் நடப்புக்கு வந்தது. தொழிலாளரின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு என்கிறது அது. மரணமோ கடுங்காயமோ விளைவிக்கக்கூடிய விதிமீறல்களுக்கான உச்ச அபராதம் 2024 ஜூனில் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே பூட்டும் பயிற்சியும் தருவது நிர்வாகத்தின் கடமை. கேட்பது நமது உரிமை.

ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோட்டில் கூடும் தோழர்கள், "உங்கள் பட்டறையில் பூட்டு உண்டா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கட்டும். இல்லையெனில் கூட்டாகக் கேட்போம். இழந்த விரலுக்கு நஷ்டஈடு கிடைக்கலாம். விரல் திரும்பக் கிடைக்குமா?