கியர்ப் பெட்டியும் வலியறிதலும்

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நேரியதே. எம்மை இத்துறையில் இழுத்தது ஒரு கடிதம். நம் கல்லூரியில் முன்னாளிற் பயின்று, இதுபோது அமெரிக்க நாட்டில் தொழில் புரிந்துவரும் அன்பரொருவர், ஈராண்டு சேர்த்த பொருளைக் கொடுத்துத் தாம் வாங்கிய தானியங்கிக் கியர்ப் பெட்டி நான்கு திங்களில் முறிந்துபோன செய்தியை எமக்கு எழுதியிருந்தார். அது 800 குதிரைத் திறன் தாங்கும் என்று விற்றவர் விளம்பரம் செய்திருந்தனராம். அன்பருடைய எஞ்சினோ 600-க்கு மேற்படாதது. அங்ஙனமாகவும் அது முறிந்தது என்னை? ஆராயப் புகுந்த யாம், பிழை பெட்டியில் மட்டுமன்று, தெரிந்தெடுத்த முறையிலும் உண்டு என்னும் முடிவுக்கு வந்தோம்.

ஓட்டுவோர் கைபடாமல் தானே கியர் மாறும் பெட்டி, 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் ஹைட்ராமேட்டிக் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலையிற் செய்யும் பெட்டி, தொழிற்சாலை எஞ்சினுக்கு அளவாகவே அமைவது. சூப்பர்சார்ஜர் முதலியவற்றால் எஞ்சினின் ஆற்றலை இருமடங்காக்குவோர், பெட்டியைப் பிரித்து, கிளச்சுத் தட்டுகளை மிகுத்து, தண்டுகளை உயர்ந்த எஃகினால் மாற்றி, எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டி வலுவேற்றுகின்றனர். இத்தகைய பெட்டியை வாங்குவோர் முதலில் நோக்குவது குதிரைத் திறன் என்னும் ஓர் எண்ணையே. அவ்வெண் ஒன்றே அளவுகோலாகாது என்பது எம் கருத்து.

ஏனெனில், பெட்டியின் தண்டினை முறுக்குவது குதிரைத் திறன் அன்று, முறுக்குவிசையாகும். முறுக்குவிசையை அடி-ராத்தலில் கணித்து, நிமிடச் சுழற்சியாற் பெருக்கி, 5252-ஆல் வகுக்கக் குதிரைத் திறன் கிடைக்கும். 500 குதிரைத் திறனை 6500 சுழற்சியில் தரும் எஞ்சின் அப்போது கொடுக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 404 அடி-ராத்தலே. அதே 500-ஐ 4000 சுழற்சியில் தருவதோ 656 அடி-ராத்தல் கொடுக்கும். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றே. தண்டிற்கு இரண்டும் ஒன்றல்ல. மேலும், 2500 ராத்தல் எடையுள்ள வண்டி விரைந்து நகர்ந்து பெட்டியின் பாரத்தைக் குறைத்துவிடும். 4500 ராத்தல் எடையுள்ளதோ அப்பாரத்தை நெடிது தாங்கச் செய்யும். வழுக்கும் சக்கரம் பெட்டியைக் காக்கும். தரையைக் கவ்விப் பிடிக்கும் பந்தயச் சக்கரம் அதனைச் சோதிக்கும்.

நம் அன்பர் வாங்கியது ஜெனரல் மோட்டார்ஸ் மரபில் வந்த 4எல்60ஈ என்னும் பெட்டி. இப்பெயரில் 4 என்பது முன்செல்லும் கியர்களின் தொகை. 60 என்பது ஒப்புநோக்கிய வலிமையின் குறி. அதே நிறுவனம் 1991-இல் கனமான வண்டிகளுக்கென வெளியிட்டது 4எல்80ஈ. அது 1964-இல் தோன்றிய டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்னும் புகழ்பெற்ற பெட்டியின் வழித்தோன்றல். ஆக்கியோரே 60 என்றும் 80 என்றும் வேறுபடுத்தி வைத்திருக்க, 60-ஐ வலுவேற்றி 80-இன் வேலையை வாங்க முயல்வானேன்? அன்பரின் பெட்டியில் உடைந்தது, சூரியப் பல்சக்கரத்தைச் சுழற்றும் மெல்லிய உறை. அஃது உடையவே இரண்டாவது கியரும், நான்காவதும், பின்செல்லும் கியரும் ஒருங்கே அற்றுப்போயின.

இதற்கு மறுப்பு உரைப்பாரும் உளர். 4எல்80ஈ கனமானது, நீளமானது. வண்டியின் அடித்தளத்தைத் தட்டிச் சீர்செய்யவும், பின்தண்டினை மாற்றவும் நேரும். அதன் முதற் கியர் 2.48 மடங்கே, மற்றதனுடையதோ 3.06 மடங்கு என்பர். இவை மெய்யே. ஆயினும் மிகுந்த ஆற்றலுடைய வண்டி முதற் கியரிற் சக்கரம் வழுக்கி நிற்பதே வழக்கமாதலின், அம்மிகுதியாற் பெரும்பயன் இல்லை. இலேசான பந்தய வண்டிக்கு, 1950 முதல் 1973 வரை செய்யப்பெற்ற இரண்டே கியருள்ள பவர்கிளைடு இன்றும் ஏற்புடைத்தாகின்றது. எனவே பெரியதே என்றும் சிறந்தது என்று யாம் கூறவில்லை. நெடுஞ்சாலையில் நாடோறும் ஓடும் கனத்த வண்டிக்கு, இயல்பிலேயே வலிய பெட்டியை எடுத்து, எஞ்சிய பொருளை டார்க் கன்வெர்ட்டருக்கும் எண்ணெய் குளிர்விக்கும் கருவிக்கும் செலவிடுதலே தக்கது என்கின்றோம்.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று, எண்ணெயின் ஓட்டத்தால் ஆற்றலைக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். வண்டி புறப்படும்போது அது முறுக்குவிசையை ஏறக்குறைய இருமடங்காக்கும். பந்தயத்திற்கென்று மிகுந்த நழுவலோடு அமைந்த கன்வெர்ட்டரை ஊர் வீதியில் ஓட்டினால், நழுவல் முழுதும் வெப்பமாகும்; வெப்பம் எண்ணெயைக் கெடுக்கும்; கெட்ட எண்ணெய் தட்டுகளைத் தீய்க்கும். முறிந்த பெட்டிகளை விடத் தீய்ந்த பெட்டிகளே மிகுதி என்பது பணிமனையார் நன்கறிந்தது.

இது பொருளிழப்பளவில் முடிவதன்று. மிகு வேகத்திற் சுழலும் டிரம் சிதறினால், அதன் துண்டுகள் பாய்வது ஓட்டுவோன் காலருகே. பந்தயச் சங்கத்தார் விரைவு மிக்க வண்டிகளின் பெட்டிக்குக் கவசம் கட்டாயம் என விதித்தமைக்கு இதுவே காரணம்.

திருக்குறளின் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்து ஆங்குண்டு. அச்சின் வலியையும் பாரத்தின் அளவையும் ஒருங்கே அறிதல் வேண்டும் என்பதே அதன் பயன். வாங்குவோரும் இவ்விடத்திலேயே தவறுகின்றனர். ஒருவர் பெருமை கருதித் தம் எஞ்சினின் ஆற்றலை மிகுத்துக் கூறிப் பந்தயக் கன்வெர்ட்டரைப் பெறுகின்றார்; மற்றொருவர் செலவு கருதிக் குறைத்துக் கூறி மெலிந்த பெட்டியைப் பெறுகின்றார். இருவரும் ஏமாற்றியது தம்மையே.

ஆதலின், பெட்டி தேடும் அன்பர்க்கு எம் விண்ணப்பம் இது. வண்டியின் எடை என்ன, முறுக்குவிசை எவ்வளவு, சக்கரம் எத்தகையது, பின்னச்சின் பல்விகிதம் யாது, வீதியில் எத்துணை நாள் ஓடும் என்று உம்மைக் கேளாமலே பெரியதோர் எண்ணைக் கூறி விற்க முந்துவாரிடம் வாங்கற்க. இவற்றையெல்லாம் கேட்பாரிடம் செல்க. சென்றபின் உண்மையே உரைக்க. நம் அன்பர் இம்முறை அவ்வாறே செய்து, 4எல்80ஈ ஒன்றிற்குப் பொருள் சேர்த்து வருகின்றார்.