சவரக் கத்தியைத் தொட்டால் என்ன?

உழைப்பின் உயர்வைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. பேச்சுப் போட்டி என்றால் அதுதான் தலைப்பு. கட்டுரைப் போட்டி என்றாலும் அதுதான். உழுதொழில் தலையாயது என்போம். நெசவு ஒரு கலை என்போம். விசைத்தறி ஓசையில் வளர்ந்த சங்கரன்கோவில்காரர்களுக்கு நூலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சவரக் கத்தி என்று சொன்னால் மட்டும் நம் இதழோரத்தில் ஒரு சிரிப்பு வந்து விடுகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

என் தாத்தா முடிதிருத்தும் தொழிலாளி. அவருடைய அடைப்பத்தில், அதாவது சவரப் பெட்டியில், தேய்ந்துபோன பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடந்தது. ஓராண்டாக நான் அதைக் கொண்டே முகச்சவரம் செய்துகொள்கிறேன். “கல்லூரிக்கு வந்தும் கத்தியை விடவில்லையா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் பகையோடு கேட்கவில்லை. எனினும் கேள்வி பெரியது. விடை சொல்லும் முன், அந்தக் கத்தி என்ன கேட்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

தேய்ந்த கத்தி என்பதாலேயே அது கெட்ட கத்தி ஆகிவிடாது. முக்கால் அங்குல அகலத்தோடு பட்டறையிலிருந்து வந்த கத்தி, ஆண்டுக்கணக்கில் கல்லில் உரசி அரை அங்குலத்துக்கு வந்திருக்கும். அப்போதும் அது சவரம் செய்யும். பார்க்க வேண்டியவை வேறு. உடலில் விரிசல் விட்டிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மேலே படிந்த துரு தேய்த்தால் போய்விடும். வாய்வரை குழி பறித்த துரு போகாது. தேய்மானம் ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தால், தீட்டிய கை சீரான கை அன்று என்று பொருள். என் தாத்தாவின் கத்தி நுனி முதல் அடிவரை ஒரே சீராய்த் தேய்ந்திருக்கிறது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தத் தேய்மானம் அவர் எழுதி வைத்த கையெழுத்து என்றே நான் கருதுகிறேன்.

இக்கத்தியின் அமைப்பில் ஓர் அறிவியல் இருக்கிறது. தடித்த முதுகு, மெல்லிய வாய், இடையே இருபுறமும் குழிவு. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்துத் தள்ளினால் போதும். தீட்ட வேண்டிய கோணத்தை முதுகின் தடிப்பே அமைத்துக் கொடுத்துவிடும். கல்லில் தீட்டும்போது வாய் முன்னே செல்ல வேண்டும். தோல் வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்ல வேண்டும். மாற்றிச் செய்தால் வார் அறுபடும், கத்தியும் மழுங்கும். பக்கம் மாற்றுகையில் முதுகின்மேல்தான் கத்தியைப் புரட்ட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் சில வாரங்களுக்குக் கன்னத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலுதட்டையும் மோவாயையும் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெந்நீரில் மயிரை நன்றாக ஊறவிட்டு, சோப்பு நுரை பூசி, மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில், மயிர் வளர்ந்த போக்கிலேயே கத்தியை இறக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தோல் கிழியும். “ஏல, அழுத்தாத; கத்தி தன்னால போவும்” என்பார் தாத்தா. சவரம் முடிந்ததும் முகத்துக்குப் படிகாரம். கத்தியை ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

நம் முகத்தை நாமே மழிக்க இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது. அப்படியானால், இருமுபவரையும், பேச்சை நிறுத்தாதவரையும், வீறிட்டழும் குழந்தையையும் நாள் முழுதும் கீறலின்றி மழித்து அனுப்பிய கைகளின் திறமை எத்தகையது!

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு கத்தி ஒரு முகத்துக்கே. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் முடிதிருத்தகங்களில் தீட்டும் கத்தி மறைந்து, ஆளுக்கொரு புதுப் பிளேடு என்ற வழக்கம் பரவியது. அது முற்றிலும் நல்ல மாற்றம். பழங்கத்தியைப் பலருக்கும் பயன்படுத்தக் கூடாது. சொந்த முகத்துக்குச் சொந்தக் கத்தி என்றால் தடையில்லை.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கத்தி பிடித்தவரே காயத்துக்கும் கட்டுப் போட்டார். இங்கிலாந்தில் 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். பிரெஞ்சு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஆம்புரோசு பாரே நாவிதராகத் தொழில் கற்றவர். நம் சிற்றூர்களிலும் கட்டிக்கு மருந்திட்டவர் மருத்துவர். பேறு பார்த்தவள் மருத்துவச்சி. அங்கே அறுவை மருத்துவர் பட்டமும் பதவியும் பெற்றார். இங்கே மருத்துவரை ஊர்க் கோடியில் நிறுத்தி வைத்தோம்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் நாவிதருக்கு வழங்கிய பெயர் குடிமகன். அறுவடைக் களத்தில் அவருக்கு ஆண்டுக்கொரு முறை அளந்துவிடும் தானியப் பங்குக்குப் பெயர் சுதந்திரம்! அரசியல் சட்டம் நம் அனைவரையும் குடிமக்கள் என்கிறது. சுதந்திரம் நம் பிறப்புரிமை என்கிறோம். ஆனால் இவ்விரு சொற்களையும் பல தலைமுறையாகச் சுமந்தவர், களத்து மேட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அளப்பவரின் மனத்தை எதிர்பார்த்து நின்றார். சொல் உயர்ந்ததுதான்; நின்ற இடம்தான் தாழ்வு.

“அப்படியென்றால் தாத்தாவின் கத்தியைப் பேரன் எடுப்பது குலக்கல்வி ஆகாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1953இல் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பெரியார் முன்னின்று எதிர்த்தார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் என் போன்றோர் இந்த மலரில் எழுத வந்திருப்போமா என்பது ஐயமே. அண்மையில் ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் முடிதிருத்தலும் ஒன்று. குடும்பம் மரபாகச் செய்துவரும் தொழிலாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தமிழக அரசு ஏற்கவில்லை. சாதி பாராத கைவினைத் திட்டம் ஒன்றை 2025இல் தானே தொடங்கியது.

எனவே என் விடை இதுதான். “நீ இன்னார் மகன், ஆகவே இதைச் செய்” என்பது அடிமைத்தனம். “நீ இன்னார் மகன், ஆகவே இதைத் தொடாதே” என்பதும் அதே அடிமைத்தனத்தின் மறுபக்கம். என் தந்தை என்னைக் கத்தியிடமிருந்து விலக்கிப் பள்ளிக்கு அனுப்பினார். அது அவர் எனக்குப் பெற்றுத்தந்த விடுதலை. படித்த பிறகு, விரும்பிக் கத்தியை எடுப்பது அந்த விடுதலையைப் பயன்படுத்துவதே. அந்த உரிமை என் ஒருவனுக்கு மட்டும் இருந்தால் போதாது. பெருநகரத்தில் ‘அழகு நிலையம்’ என்று பலகை மாட்டியதும் எல்லாச் சாதியாரும் முதல் போடுகிறார்கள். முதல் போடக் கூசாத கை, கத்தி பிடிக்க ஏன் கூச வேண்டும்?

என் சமூகத்தாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகளைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் இன்றும் படிக்கிறோம். ஊராரின் மிரட்டல் அதன் பின்னால் இருக்கலாம். ஆயினும் இழிவின் சுமை அறிந்த தோள், அதை இன்னொருவர் தோளில் ஏற்றலாமா? கத்திக்குச் சாதி தெரியாது. பிடித்த கையும் அதை மறக்க வேண்டும்.

நண்பர்களே, நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு தொழிலின் பெயரை வசைச் சொல்லாக வழங்குவதை நம் வகுப்பறையோடாவது நிறுத்துவோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அதே முகாமில் ஒருநாள், தொழில் தெரிந்த ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, அவருக்கு உரிய மதிப்பூதியமும் தந்து, ஒருவருக்கொருவர் முடிவெட்டக் கற்றுக்கொள்வோம். கத்தி வேண்டாம், முதலில் சீப்பும் கத்தரிக்கோலும் போதும். யார் தலை யார் கையில் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். பேராசிரியர்கள் முதல் சீட்டை எடுக்கட்டும்.