குவாண்டம் ஆஃப் சாலஸ் திரைப்படத்துக்கான எதிர்வினைகள்

குவாண்டம் ஆஃப் சாலஸ் என்பது 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த உளவுத் திரைப்படம் ஆகும். ஈயான் புரொடக்சன்ஸ் நிறுவனம் தயாரித்த ஜேம்ஸ் பாண்ட் தொடரில் இது 22 ஆவது படம். டானியல் கிரெய்க் பாண்டாக நடித்த இரண்டாவது படமும் இதுவாகும். இதனை மார்க் ஃபோர்ஸ்டர் இயக்கினார். 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த கசீனோ ராயல் படத்தின் கதை முடியும் இடத்திலிருந்து சிறிது நேரத்திலேயே இப்படத்தின் கதை தொடங்குகிறது.

இப்படம் உலகம் முழுவதும் பெரும் வசூலை ஈட்டியது. எனினும் விமர்சகர்களிடமும் பார்வையாளர்களிடமும் கலவையான வரவேற்பையே பெற்றது. ஒரு சாரார் குறையாகச் சுட்டிய வேகம், கடுமை, நகைச்சுவையின்மை ஆகியவற்றையே மற்றொரு சாரார் சிறப்பாகக் கண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. படத்தின் குறைகளுக்குப் படைப்பாளிகளின் விருப்பம் எவ்வளவு காரணம், அக்காலத்தில் நடைபெற்ற எழுத்தாளர் வேலைநிறுத்தம் எவ்வளவு காரணம் என்பது இன்றும் விவாதிக்கப்படும் கேள்வியாகும்.

முந்தைய படமும் எதிர்பார்ப்பும்

மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கிய கசீனோ ராயல், பாண்ட் கதாபாத்திரத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் அறிமுகப்படுத்தியது. விந்தையான கருவிகளும் வழக்கமான நகைச்சுவையும் குறைக்கப்பட்டன. காயப்படக்கூடிய, தவறு செய்யக்கூடிய ஓர் உளவாளியாகப் பாண்ட் காட்டப்பட்டார். வெஸ்பர் லிண்ட் என்னும் பெண்ணைக் காதலித்து, அவளால் ஏமாற்றப்பட்டு, பின் அவளை இழப்பதே அப்படத்தின் உணர்ச்சி மையமாக இருந்தது. 144 நிமிடங்கள் ஓடிய அப்படத்தில் சீட்டாட்டக் காட்சிகளுக்கு நீண்ட நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அதன் தொடர்ச்சியில் வெஸ்பரின் இறப்புக்குப் பின் பாண்ட் என்ன ஆகிறார் என்பதைக் காணவே பார்வையாளர்கள் காத்திருந்தனர். ஆனால் குவாண்டம் ஆஃப் சாலஸ் 106 நிமிடங்களே ஓடியது. ஈயான் நிறுவனத்தின் பாண்ட் படங்களில் மிகக் குறைந்த நீளமுடையது இதுவே.

படத்தின் பெயர், இயான் ஃபிளெமிங் எழுதி 1960 இல் வெளியான தொகுப்பொன்றில் இடம்பெற்ற சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. இருவருக்கிடையே உறவு நிலைப்பதற்குத் தேவையான மிகக் குறைந்த அளவு ஆறுதல் என்பது இத்தொடரின் பொருளாகும். சிறுகதையின் நிகழ்ச்சிகள் படத்தில் பயன்படுத்தப்படவில்லை. விளங்காத பெயர் என்று பலர் குறைகூறினாலும், காதலியை இழந்தவன் ஆறுதல் தேடும் கதைக்கு அது பொருத்தமானதே.

எழுத்தாளர் வேலைநிறுத்தம்

திரைக்கதையை நீல் பர்விஸ், ராபர்ட் வேட், பால் ஹாக்கிஸ் ஆகியோர் எழுதினர். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2007 நவம்பர் 5 இல் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. அதற்குச் சில மணி நேரம் முன்பே ஹாக்கிஸ் தமது பிரதியை ஒப்படைத்தார். டிவிடி விற்பனையிலும் இணையம் போன்ற புதிய ஊடகங்களிலும் தமது படைப்புகளால் கிடைக்கும் வருமானத்தில் எழுத்தாளர்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்பது அப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை. வேலைநிறுத்தம் 2008 பெப்ரவரி 12 வரை நீடித்தது. படப்பிடிப்போ 2008 சனவரியிலேயே தொடங்கிவிட்டது.

பொதுவாக இத்தகைய பெரும் படங்களில் படப்பிடிப்பின்போதும் திரைக்கதை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஓர் இடம் கிடைக்காமல் போகலாம். ஒரு காட்சி எதிர்பார்த்தபடி அமையாமல் போகலாம். அப்போது எழுத்தாளர் அருகிருந்து உரையாடலையும் காட்சி வரிசையையும் சரிசெய்வார். வேலைநிறுத்தக் காலத்தில் இது இயலவில்லை. தம்மிடம் முழுமையான திரைக்கதை இருக்கவில்லை என்றும், தாமும் இயக்குநருமே காட்சிகளைத் திருத்தி எழுத நேர்ந்தது என்றும், தாம் எழுத்தாளர் அல்லர் என்றும் கிரெய்க் 2011 இல் அளித்த ஒரு பேட்டியில் கூறினார்.

எனினும் எல்லாக் குறைகளையும் வேலைநிறுத்தத்தின் மேல் சுமத்துவது சரியாகாது. குறுகிய, விரைவான படமொன்றை எடுக்க வேண்டும் என்பது ஃபோர்ஸ்டரின் விருப்பமாகவும் இருந்தது. மான்ஸ்டர்ஸ் பால், ஃபைண்டிங் நெவர்லாண்ட், த கைட் ரன்னர் போன்ற நாடகப் பாங்கான படங்களால் அறியப்பட்டிருந்த அவர், அதற்கு முன் பெரும் சண்டைப் படம் எதனையும் இயக்கியதில்லை.

கதைச்சுருக்கம்

வெஸ்பரை மிரட்டிப் பணியவைத்த மறைவான அமைப்பைப் பாண்ட் தேடிச் செல்கிறார். அத்தேடல் அவரைச் சூழல் பாதுகாவலராக வேடமிடும் தொழிலதிபர் டொமினிக் கிரீனிடம் கொண்டுசேர்க்கிறது. பொலிவியாவில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயலும் தளபதி ஒருவருக்குக் கிரீன் உதவுகிறார். அதற்கு விலையாகப் பயனற்றதாகத் தோன்றும் ஒரு பாலைநிலத்தைக் கேட்கிறார். அங்கு எண்ணெய் இருப்பதாக அமெரிக்க உளவுத்துறை எண்ணுகிறது. உண்மையில் கிரீன் நிலத்தடி நீரை இரகசியமாக அணைகட்டித் தேக்கி, நாட்டின் நீர் வழங்கலைத் தன் கைக்குள் கொண்டுவர முயல்கிறார். தன் குடும்பத்தைக் கொன்ற அத்தளபதியைப் பழிவாங்கக் காத்திருக்கும் கமீல் என்னும் பெண், பாண்டுடன் இணைகிறார்.

எதிர்மறையான கருத்துகள்

மிகுதியாகக் கண்டிக்கப்பட்டது படத்தொகுப்பு ஆகும். சண்டைக் காட்சிகள் மிகச் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருந்ததால், யார் எங்கே நிற்கிறார், யார் யாரைத் துரத்துகிறார் என்பது விளங்கவில்லை என்று பலர் எழுதினர். இரண்டாம் படப்பிடிப்புக் குழுவை இயக்கிய டான் பிராட்லி, படத்தொகுப்பாளர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பியர்சன் ஆகிய இருவரும் ஜேசன் போர்ன் படங்களில் பணியாற்றியவர்கள். எனவே பாண்ட் தன் தனித்தன்மையை இழந்து போர்னைப் பின்பற்றுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், கசீனோ ராயலுக்கு நான்கு நட்சத்திரங்கள் வழங்கியவர். இப்படத்துக்கு இரண்டு மட்டுமே வழங்கினார். பாண்ட் வெறும் சண்டை வீரர் அல்லர் என்பது அவரது வாதத்தின் சாரம். முன்னாள் பாண்ட் நடிகர் ரோஜர் மூர், கிரெய்க்கின் நடிப்பைப் பாராட்டினார்; ஆனால் சண்டைக் காட்சிகளில் இடத்தைப் பற்றிய தெளிவு இல்லை என்று குறைகூறினார்.

வில்லன் வலுவற்றவர் என்பது மற்றொரு குறை. மத்தியூ அமால்ரிக் நடித்த கிரீனுக்கு முகத்தழும்போ வேறு அடையாளமோ இல்லை. பாண்ட் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும் புகழ்பெற்ற உரையாடல் படத்தில் இடம்பெறாததும், துப்பாக்கிக் குழல் வழியே பாண்ட் தோன்றும் காட்சி இறுதிக்கு நகர்த்தப்பட்டதும் நெடுங்கால இரசிகர்களுக்கு ஏமாற்றமளித்தன.

நேர்மறையான கருத்துகள்

படத்தை ஆதரித்தோர் மேற்கூறிய அதே கூறுகளை வேறுவிதமாக விளக்கினர். துயரத்தில் இருக்கும் ஒருவன் நகைச்சுவையாகப் பேசமாட்டான். அவன் உலகம் சிதறியே தெரியும். ஆகவே படத்தின் கடுமையும் வேகமும் அவன் மனநிலைக்கு ஏற்றவை என்பது அவர்கள் வாதம். கிரீன் சாதாரண மனிதராகத் தோன்றுவதே அச்சமூட்டுவது என்றும், இக்காலத்துக் கொடியவர்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் கனவான்களாகவே இருப்பர் என்றும் கூறப்பட்டது. படத்தின் இறுதிவரை பாண்டும் கமீலும் காதலர்களாக ஆவதில்லை. இத்தொடரின் வழக்கத்துக்கு மாறான இம்முடிவும் பாராட்டப்பட்டது.

தனிக் காட்சிகளுள் ஆஸ்திரியாவின் பிரெகன்சு நகரில் ஏரியின் மேல் அமைந்த இசைநாடக அரங்கில் படமாக்கப்பட்ட காட்சி பெரிதும் பாராட்டைப் பெற்றது. மேடையில் புச்சீனியின் டோஸ்கா நடைபெற, பார்வையாளர் வரிசைகளில் அமர்ந்தபடியே மறைவான அமைப்பினர் ஒலிவாங்கிகள் மூலம் கூட்டம் நடத்துகின்றனர். பின்னர் நிகழும் சண்டையின் ஓசை அடக்கப்பட்டு இசை மட்டுமே கேட்கிறது. எண்ணெயில் தோய்ந்து ஒரு பெண் இறந்து கிடக்கும் காட்சி, 1964 இல் வெளிவந்த கோல்ட்ஃபிங்கரில் பொன்பூச்சில் இறந்து கிடந்த பெண்ணை நினைவூட்டியது.

நீரும் அரசியலும்

கதையின் மையமான நீர்ச் சிக்கல் முற்றிலும் கற்பனை அன்று. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் நீர் வழங்கல் 1999 இல் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. மக்கள் வீதியில் இறங்கிப் போராடியதையடுத்து 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. எண்ணெய்க்காக வல்லரசுகள் கொடுங்கோலர்களுடன் உடன்படும் நிலையை ஒரு பாண்ட் படம் காட்டியதைச் சிலர் துணிவு என்றனர். இவ்வளவு பெரிய பொருள் சண்டைகளுக்கிடையே சில வரி உரையாடல்களில் முடிந்துவிட்டதே என்று வேறு சிலர் வருந்தினர்.

படப்பிடிப்பும் சர்ச்சைக்குள்ளானது. பொலிவியாவாகக் காட்டப்பட்ட பாலைநிலம் உண்மையில் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா பகுதியில் உள்ளது. அப்பகுதி 1879 இல் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியாவிடமிருந்து சிலியின் கைக்குச் சென்றது. இதனால் பொலிவியா கடற்கரை இல்லாத நாடாயிற்று. இப்பின்னணியில், சிலி மண்ணைப் பொலிவியாவாகக் காட்டுவதை அங்குள்ள சியரா கோர்டா நகரத் தலைவர் எதிர்த்தார். 2008 இல் அவர் தமது மகிழுந்தைப் படப்பிடிப்பு இடத்துக்குள் ஓட்டிச் சென்று காவலில் வைக்கப்பட்டார்.

தொகுப்பு மதிப்பெண்கள்

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இப்படம் ஏறத்தாழ 64 விழுக்காடு பெற்றுள்ளது. கசீனோ ராயல் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றுள்ளது. இவ்வெண்ணைத் தேர்வு மதிப்பெண் போலக் கருதுவது தவறாகும். நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் படத்தைப் பொதுவாக ஏற்றனர் என்பதையே அது காட்டுகிறது. எவ்வளவு ஏற்றனர் என்பதை அன்று. எல்லோரும் ஒரு படத்தை ஓரளவு மட்டும் விரும்பினாலும் அது 100 விழுக்காடு பெறக்கூடும். விமர்சனங்களுக்கு எடையிட்டுச் சராசரி காணும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இப்படம் நூற்றுக்கு 60 ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் சராசரியும் ஒன்றை மறைக்கிறது. மிக விரும்பியோரும் மிக வெறுத்தோரும் சேர்ந்தாலும் நடுவான எண்ணே கிடைக்கும்.

வசூலும் பார்வையாளர்களும்

ஐக்கிய இராச்சியத்தில் 2008 அக்டோபர் 31 இல் வெளியான இப்படம், முதல் வார இறுதியில் 1.5 கோடி பவுண்டுகளுக்கு மேல் ஈட்டி அந்நாட்டில் சாதனை படைத்தது. அமெரிக்காவில் நவம்பர் 14 இல் வெளியானது. உலகளவில் மொத்தம் சுமார் 59 கோடி டாலர் வசூலானது. இது கசீனோ ராயலின் வசூலைவிடச் சற்றே குறைவு. ஆனால் தயாரிப்புச் செலவு அதைவிட அதிகமாக, 20 கோடி டாலர் அல்லது அதற்கும் மேல் இருந்தது.

பார்வையாளர்களின் எண்ணத்தை அறிய, மொத்த வசூலைவிட அது எவ்வாறு வந்தது என்பதே உதவும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கசீனோ ராயல் முதல் வார இறுதியில் சுமார் 4.08 கோடி டாலரும், மொத்தமாக 16.7 கோடி டாலரும் ஈட்டியது. குவாண்டம் ஆஃப் சாலஸ் முதல் வார இறுதியில் 6.75 கோடியும், மொத்தமாக 16.8 கோடியும் ஈட்டியது. மொத்தம் ஏறக்குறைய சமம். ஆனால் முன்னதில் முதல் வார இறுதியின் பங்கு 24 விழுக்காடு. பின்னதில் 40 விழுக்காடு. முதல் வாரக் கூட்டம் முந்தைய படத்தின் மீதிருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. அடுத்த வாரங்களின் கூட்டம் கண்டவர் பிறருக்குச் சொன்னதைக் காட்டுகிறது. அரங்கிலிருந்து வெளிவருவோரிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் தரமும் இதனுடன் ஒத்துப்போகிறது. முந்தைய படம் ஏ மைனஸ் தரமும், இப்படம் பி மைனஸ் தரமும் பெற்றன. எனினும் அடுத்த வாரமே டுவைலைட் படம் வெளியாகிப் பெருங்கூட்டத்தை ஈர்த்ததையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பின்னாளைய மதிப்பீடு

அடுத்த பாண்ட் படமான ஸ்கைஃபால் 2012 இல் வெளிவந்தது. எம்ஜிஎம் நிறுவனத்தின் நிதி நெருக்கடியால் ஏற்பட்ட நீண்ட இடைவெளி, திரைக்கதைக்குப் போதிய காலத்தை அளித்தது. சாம் மென்டிஸ் இயக்கிய அப்படம் 110 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நிதானமான கதைநடையும், தெளிவாகப் பின்தொடரக்கூடிய சண்டைகளும், திரும்பி வந்த நகைச்சுவையும் 2008 இன் குறைகளுக்கு விடையாகக் கருதப்பட்டன.

2015 இல் வெளிவந்த ஸ்பெக்டர், மறைவான அமைப்பின் கதையை விரிவுபடுத்தியது. 2021 இல் வெளிவந்த நோ டைம் டு டை, கிரெய்க்கின் ஐந்து படங்களையும் ஒரே நெடுங்கதையாக முடித்துவைத்தது. இதன்பின் குவாண்டம் ஆஃப் சாலஸ் படத்தைக் கசீனோ ராயலின் இறுதிப் பகுதியாகக் கருதி, இரண்டையும் தொடர்ந்து பார்ப்போர் உள்ளனர். இரண்டு ஆண்டுகள் காத்திருந்து தனிப்படமாகக் கண்டவர்களுக்குக் குறைவாகத் தோன்றியது, இவ்வாறு காண்போருக்கு நிறைவாகத் தோன்றுகிறது.

2023 மே மாதத்தில் அமெரிக்க எழுத்தாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். அது 148 நாட்கள் நீடித்தது. அப்போது எழுத்தாளர் இல்லாமல் படமெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இப்படம் மீண்டும் பேசப்பட்டது. பெரும் செலவும் திறமையான நடிகர்களும் புகழ்பெற்ற தொடரின் பெயரும் முதல் வாரத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்தன. அடுத்த வாரங்களிலும் கூட்டத்தைத் தக்கவைப்பதில் திரைக்கதைக்கு எவ்வளவு பங்குண்டு என்பதை ஆராய்வோருக்கு இப்படம் பயனுள்ள சான்றாக விளங்குகிறது.