அம்மாவோட சுகர் நோட்டுல யாரோட நம்பர் இருக்கு?

வெளியூர்ல வேலை பார்க்கிற மகன்கள், மகள்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அரசு மருத்துவமனையில சுகர், பிரஷருக்கு மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றவங்களுக்கு ஒரு நோட்டு உண்டு. அதுலயும் எங்க ரிஜிஸ்டர்லயும் ஒரு செல்போன் நம்பர் எழுதியிருக்கும். மாத்திரை வாங்க வராதவங்களைக் கூப்பிடத்தான் அது. எங்க நர்ஸ் கூப்பிட்டா, பல நேரம் எடுக்கிறது திருப்பூர்லயோ சென்னையிலயோ இருக்கிற மகன். "அம்மா ஊர்ல இருக்காங்க மேடம், சாயங்காலம் சொல்லிடறேன்" என்பார். ஷிப்ட் முடிஞ்சு வர்ற மனுஷனுக்கு அது ஞாபகம் இருக்காது. அவரைக் குறை சொல்லலை. ஆனா அம்மாவுக்கு அந்த மாசம் மாத்திரை இல்லை.

சுகரும் பிரஷரும் வலிக்காது. அதுதான் பிரச்சினையே. பல் வலின்னா நாமளே ஓடி வருவோம். பிரஷர் 180 இருந்தாலும் "எனக்குத் தலை சுத்தலையே டாக்டர்"னு மாத்திரையை நிறுத்திடறாங்க. வலி செய்யாத ஞாபகப்படுத்துற வேலையை வேற ஏதாவது செய்யணும். போன் அதைச் செய்யும்.

"எந்த ஆப் நல்லது டாக்டர்?"னு இன்பாக்ஸ்ல கேக்கறீங்க. ஆப் எல்லாம் உங்களுக்கு வச்சுக்கோங்க. எடுத்துக்காட்டா, சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் எல்லைக்கோட்டில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே எஸ்.எம்.எஸ். நினைவூட்டல்கள். இரண்டு ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது, செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம், பெறாதவர்களில் 27 சதவீதம். ஆப் கிடையாது, வாட்ச் கிடையாது, வெறும் எஸ்.எம்.எஸ்.!

ஆனா அவங்க கையில சொந்தமா போன் இருந்துச்சு, வந்த செய்தியைப் படிச்சாங்க. நூறு நாள் வேலைக்குப் போற உங்க அம்மா எஸ்.எம்.எஸ். படிக்க மாட்டாங்க. அவங்களுக்கு உங்க குரல்தான் எஸ்.எம்.எஸ்.

தினமும் கூப்பிடத்தான் செய்யறீங்க. "மாத்திரை போட்டியாம்மா?"னு கேப்பீங்க. "போட்டேன்பா" என்பாங்க. இந்தக் கேள்விக்கு உலகத்துல எந்த அம்மாவும் வேற பதில் சொன்னதில்லை. அதுக்குப் பதிலா, வாரத்துல ஒரு நாள், "அட்டையில இன்னும் எத்தனை மாத்திரை இருக்கு, எண்ணிச் சொல்லு"ன்னு கேளுங்க. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா மாசத்துக்கு 60. வாங்கி 20 நாள் ஆச்சுன்னா 20 மிச்சம் இருக்கணும். 34 இருக்குன்னா ஏழு நாள் போடலை. திட்டாதீங்க. ஏன்னு கேளுங்க. வயித்தைப் புரட்டுதுன்னு நிறுத்தியிருப்பாங்க. அதை எங்ககிட்ட சொன்னா மாத்திக் குடுக்க வழி இருக்கு.

அலாரம் வைக்கறதா இருந்தா, கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணின்னு வைக்காதீங்க. அவங்க சாப்பிடற நேரத்துக்கு வைங்க. கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம வேலைக்குக் கிளம்பினா சுகர் இறங்கிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கமே வரலாம்.

வீடியோ கால்ல முகத்தை மட்டும் பாக்கறீங்களே, வாரம் ஒரு தடவை உள்ளங்காலையும் காட்டச் சொல்லுங்க. விரல் இடுக்கையும் சேர்த்து. சுகர் நாள்பட்டா கால்ல உணர்வு குறையும். முள் குத்தினாகூட தெரியாது. புண் பெருசான பிறகு வர்றவங்களுக்கு விரலை எடுக்க வேண்டி வருது. சின்னக் காயம் தெரிஞ்சா அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி மருந்து கேக்காதீங்க. அன்னைக்கே நேர்ல காட்டணும்.

நோட்டுப் பக்கம், மாத்திரை அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை இதெல்லாம் உங்க போன்ல போட்டோவா இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு"ன்னு சொன்னா எங்களால கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்த "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்" ஃபார்வர்டு. கெடுக்காது. கிட்னி ஏற்கனவே பழுதானவங்களுக்கு அளவைக் குறைப்போம், தேவைப்பட்டா நிறுத்துவோம், அவ்வளவுதான். அதை ஃபேமிலி குரூப்ல போடறது பெரும்பாலும் படிச்ச பிள்ளைங்கதான்.

எங்க பக்கம் சரி செய்ய வேண்டியதும் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே போய் பரிசோதனை செய்யறாங்க, மாத்திரை குடுக்கறாங்க. நல்ல திட்டம். ஆனா வராதவங்களைக் கூப்பிட நர்ஸ் தன் சொந்த போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கு, அதுவும் கூட்டம் குறைஞ்சா. ஒரு அரசு போன், தினமும் ஒரு மணி நேரம், ரிஜிஸ்டர்ல இன்னொரு நம்பருக்கு ஒரு கட்டம். புது ஆப்புக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்யலாம்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா நோட்டை எடுத்துப் பாருங்க. முதல் நம்பர் அம்மா கையில இருக்கிற போனோடதா இருக்கட்டும். அவங்ககிட்ட போனே இல்லைன்னா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுட்டு அவங்க நம்பரைக் குடுங்க. அதுக்குக் கீழ உங்க நம்பர்.

சந்தேகத்தை கமெண்ட்ல கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். மாத்திரை அளவை மட்டும் இங்க கேக்காதீங்க.