கையுறை போட்டால் போதுமா?

போன வாரம் இரவு நிகழ்ச்சி முடிந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மணி பத்தரை. நல்ல பசி. பக்கத்துக் கடையில் தந்தூரிக் கோழி சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைத் தம்பி கையுறை போட்டிருந்தார். மசாலா தடவிய பச்சைக் கோழியைக் கம்பியில் குத்தி அடுப்பில் வைத்தார். அதே கையுறையோடு டப்பாவுக்குள் கைவிட்டு வெள்ளரிக்காய், வெங்காயத்தை அள்ளி ஒரு தட்டில் வைத்தார். எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வரிசையில்.

இதில் எது ஆபத்து? கோழி இல்லை. உள்ளே 75 டிகிரி செல்சியஸ் வரை வெந்துவிட்டால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் செத்துவிடும். ஆனால் வெள்ளரிக்காய் அடுப்பைப் பார்க்கப்போவதே இல்லை. அதில் ஏறியது அப்படியே நம் வயிற்றுக்குத்தான். சட்னி, சாலட், வெந்து இறக்கிய கறி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் நோயுற்றார்கள். இருவர் இறந்தே போனார்கள். கடலுணவில் இருக்கும் விப்ரியோ என்ற கிருமிதான் காரணம். பச்சைக் கடலுணவிலிருந்து ரோஜாக்குக்கு அது தொற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரிந்தது. நான் அப்போது மாணவி. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் யாரும் ரோஜாக் பேச்சையே எடுக்கவில்லை.

நல்ல உணவகச் சமையலறையில் வெட்டுப் பலகைகளுக்கு நிறம் உண்டு. தமிழில் சொன்னால் கொஞ்சம் குழப்பும்: பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, காய்கறிக்குத்தான் பச்சைப் பலகை. குளிர்பெட்டியில் பச்சை இறைச்சி அடித்தட்டில்தான் இருக்கும். மேலே வைத்தால் அதன் நீர் கீழே உள்ள கேக்கில் சொட்டும். பலரும் மறப்பது மேசை துடைக்கும் துணியை. கோழி வெட்டிய இடத்தைத் துடைத்த துணியால் தட்டின் ஓரத்தையும் துடைத்தால், நிறப் பலகை வாங்கிய காசு வீண். என் அம்மா மீன் கத்தியை எப்போதும் தனியாகத்தான் வைப்பார். வெள்ளிக்கிழமை விரதம் கெட்டுவிடக்கூடாதாம். காரணம் எதுவானாலும் கத்தி சரியான இடத்தில் இருந்தது.

இங்கே உணவைக் கையாள்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தம்பியும் முடித்திருப்பார். கூட்ட நேரத்தில் ஒரே ஆள் பச்சைக் கோழியையும் தட்டையும் சேர்த்துப் பார்த்தால் படித்தது எங்கே நினைவுக்கு வரும்? என்னைக் கேட்டால் முதல் தவறு ஆள் போடாத முதலாளியுடையது. அவரோ கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சத்தமாகச் சொன்னால் திட்டு தம்பிக்குத்தான் விழும்.

கண்ணாடி ஓரம் போய், “தம்பி, கோழி தொட்ட கையாலேயே வெள்ளரிக்காய் எடுத்துட்டீங்களே,” என்றேன் மெதுவாக.

“கை சுத்தமாத்தான்கா இருக்கு,” என்று கையுறையைக் கழற்றிக் காட்டினார். உண்மைதான். அவர் கை பளிச்சென்று இருந்தது.

“உங்க கைக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. கையுறைக்கு வெளியே இருக்கிறதைத்தானே நாங்க சாப்பிடுறோம்?”

ஒரு நொடி கையுறையைப் பார்த்தார். அப்புறம் தட்டில் வைத்ததோடு டப்பாவையும் குப்பையில் கவிழ்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

“என்னப்பா, எல்லாத்தையும் கொட்டுறே?” என்றது கல்லா.

“வாடிப்போச்சுண்ணே,” என்றார் தம்பி.